ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை

வாசகர் கேள்விகள் – ஆயர் பதில்கள்

ஈஸ்டர் முடிந்த பின் வந்த கடிதங்களில் நான்கை இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன். நான்கும் உயிர்த்தெழுதலைப் பற்றியவையே. எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி வெளியிடவில்லை.

கேள்வி: ஆயர் ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். திருப்பூரில் பதினான்கு பேரை வைத்துத் தையல் யூனிட் நடத்துகிறேன். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பதுதான் தொழில். இந்த ஈஸ்டருக்கும் விடியற்காலை நான்கு மணிக்குக் குடும்பத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, பாடி ஜெபித்துவிட்டு வந்தோம். அந்த வாரச் சனிக்கிழமை கம்பெனியிலிருந்து பில் தொகை வராததால் ஆட்களுக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுத்தேன். டேமேஜ் என்று சொல்லி இரண்டு டெய்லர்களுக்குப் பிடித்தமும் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "கல்லறையில பாடின பாட்டுக்கும் நம்ம சம்பள நோட்டுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறவனுடைய வாழ்க்கையில் உண்மையாகவே எது மாற வேண்டும்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, உங்கள் துணைவியார் கேட்டதைப் பிரசங்க பீடத்திலிருந்து நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தவறிவிட்டோம் என்பதை ஓர் ஆயராக முதலில் ஒத்துக்கொள்கிறேன்.

உயிர்த்தெழுதலைப் பற்றி வேதாகமத்தில் மிக விரிவாகப் பேசும் பகுதி 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரம். அடக்க ஆராதனைகளில் நாம் எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறோம். 58 வசனங்கள் கொண்ட அந்த அதிகாரம் "மரணமே! உன் கூர் எங்கே?" என்று மரணத்தையே எதிர்த்துக் கேட்டு, "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது" என்ற உறுதியோடு முடிகிறது. நாம் அந்த இடத்தில் வேதாகமத்தை மூடிவிடுகிறோம். கொரிந்து சபைக்கு இதைக் கடிதமாக எழுதிய அப்போஸ்தலன் பவுல் அங்கே நிறுத்தவில்லை. அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில்தான் ஏற்பட்டன. எபேசுவிலிருந்து அவர் அனுப்பிய கடிதத்தில், பிரயாசம் வீண்போகாது என்ற வரிக்கு அடுத்த வரியே எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்குப் பணம் சேர்ப்பதைப் பற்றியது. வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் தம் வரவுக்குத் தக்கதை எடுத்து வைக்க வேண்டும் என்று அங்கே சொல்லுகிறார். கல்லறை வெறுமையாய்க் காணப்பட்டதும் வாரத்தின் முதல் நாளில்தான். ஆகவே உங்கள் துணைவியாருடைய கேள்விக்கு என் முதல் பதில் இது: நீங்கள் கல்லறையில் பாடிய பாட்டும், வரவு செலவுக் கணக்கும் பவுலின் கடிதத்தில் அடுத்தடுத்த வரிகளாக இருக்கின்றன.

கொரிந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே அமைந்த வணிக நகரம். பிழைப்புத் தேடி வந்தவர்களும், அடிமைகளும், வசதி படைத்தவர்களும் ஒரே சபையில் இருந்தார்கள். அதே கடிதத்தின் 11-ஆம் அதிகாரத்தில், கர்த்தருடைய பந்திக்குக் கூடி வரும்போது ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறியாயிருக்கிறான் என்று பவுல் வேதனைப்படுகிறார். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். வேலை முடிந்து தாமதமாக வந்த கூலிக்காரர்களுக்குப் பாத்திரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். மரித்தோர் உயிர்த்தெழுவதில்லை என்று சொன்னவர்களும் அந்தச் சபைக்குள்ளேயே இருந்தார்கள். உடல் மண்ணோடு போய்விடும் பொருள் என்று ஒருவர் எண்ணத் தொடங்கிவிட்டால், பக்கத்தில் இருப்பவருடைய உடலின் பசி அவருக்குப் பெரிதாகத் தோன்றாது. இவ்விரண்டு குறைகளும் ஒரே சபையில் சேர்ந்து காணப்பட்டதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

நாமும் இந்தத் தவற்றுக்கு வெகு அருகில் நிற்கிறோம். "ஆத்துமா பரலோகம் சேர்ந்தால் போதும்" என்று இழவு வீடுகளில் சொல்லிக்கொள்கிறோம். விசுவாசப் பிரமாணமோ "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று சொல்ல வைக்கிறது. உங்கள் யூனிட்டில் பவர் டேபிளில் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்ட டெய்லரின் சரீரம், ஊசி ஏறிய விரல், நாள் முழுவதும் நின்றபடியே பீஸ் பார்க்கும் செக்கிங் பெண்ணின் கால்கள், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் பஸ் ஏறும், டெய்லருக்கு உதவியாளான கைமடிப் பிள்ளையின் கண்கள், இவை அனைத்தும் தேவன் மீண்டும் எழுப்பப் போகிறவை. தேய்ந்த பின் மாற்றிக்கொள்ளும் உதிரிபாகம் என்று அவற்றைக் கருத நமக்கு உரிமை கிடையாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு 2019 ஜூலை முதல் சம்பளத்தில் முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. உங்களிடம் பதினான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் அந்தக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பதை உங்கள் கடிதத்திலிருந்து என்னால் அறிய முடியவில்லை. இல்லையென்றால் அடுத்த ஈஸ்டருக்குக் காத்திராமல் இந்த மாதமே அதைச் செய்யுங்கள்.

உங்கள் நெருக்கடியும் எனக்குத் தெரியும். நான் சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூலிக்காரருடைய வீட்டில் பிறந்தவன். அப்பா சனிக்கிழமை இருட்டிய பிறகு வருவார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்காமலேயே, செருப்பைக் கழற்றும் விதத்தைக் கொண்டே கூலி வந்ததா வரவில்லையா என்பதை அம்மா தெரிந்துகொள்வார். வராத வாரங்களில் அரிசிப் பானையின் அடியில் உழக்கு உரசுகிற சத்தம் மறுநாள் ஆராதனைக்குப் புறப்படும்போது எங்களுக்குக் கேட்கும். தறி முதலாளி கெட்டவர் என்று என் தகப்பனார் ஒருபோதும் சொன்னதில்லை. அவருக்கும் நூல் கொடுத்தவர்களிடமிருந்து பணம் வந்திராது. என் தகப்பனாரை வருத்தியது வேறொன்று. பணம் வராது என்பது முதலாளிக்கு வியாழக்கிழமையே தெரிந்திருக்கும். தெரிந்தும் சனிக்கிழமை இரவு வரையில் சொல்லமாட்டார். முன்னதாகச் சொல்லியிருந்தால் அம்மா யாரிடமாவது கைமாற்றாவது கேட்டு வைத்திருப்பார்.

ஆகையால் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவைதான். பணம் வராது என்று தெரிந்த அன்றே ஆட்களைக் கூப்பிட்டு நோட்டைத் திறந்து காட்டுங்கள். வந்தது பாதியே ஆனாலும், உங்கள் வீட்டுச் செலவுக்கு எடுப்பதற்கு முன் அவர்களுக்குப் பங்கிடுங்கள். மிச்சத்தைத் தேதி குறித்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். டேமேஜ் பிடித்தத்தைப் பொறுத்தவரை, அந்த இரண்டு டெய்லர்களிடமும் அந்த பீஸ்களை வைத்து நேருக்கு நேர் பேசுங்கள். துணியில் இருந்த குறையையும் அவசர ஆர்டரின் ஓட்டத்தில் வந்த குறையையும் தையல்காரர் தலையில் வைத்திருந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். "எஜமான்களே, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்" என்று கொலோசெயர் நிருபம் சொல்லுவது, "நீங்கள் கிறிஸ்துவுடன்கூட எழுந்ததுண்டானால்" என்று தொடங்கும் அதே அறிவுரையின் தொடர்ச்சியாகவே.

இதனால் நட்டம் வருமா என்று கேட்பீர்கள். வரலாம். அடுத்தவருடைய கூலியை நாம் பிடித்து வைப்பதற்குப் பெரும்பாலும் பேராசையைவிடப் பயமே காரணம்: கடன்காரர் வருவார், யூனிட் மூடிப்போகும், பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும் என்ற பயம். மரணபயத்தினால் மனிதர் ஆயுள் முழுவதும் அடிமைப்பட்டிருக்கிறார்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்லுவதை நான் இந்தச் சிறு பயங்களோடும் சேர்த்தே வாசிக்கிறேன். மரித்தோர் உயிர்த்தெழாவிட்டால் "புசிப்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம்" என்பதே முறை என்று பவுலும் சொல்லுகிறார். கைக்கு அகப்பட்டதை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் அப்போது புத்தி. கிறிஸ்து எழுந்திருக்கிறார் என்றால், ஒரு நட்டம் நம்மை முடித்துவிடாது என்ற தைரியம் நமக்கு உண்டு.

யோவான் சுவிசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் உங்கள் துணைவியாரோடு சேர்ந்து வாசியுங்கள். இராமுழுதும் வலை வீசியும் ஒரு மீனும் அகப்படாமல் இயேசுவின் சீஷர் ஏழு பேர் விடியற்காலையில் கரைக்கு வருகிறார்கள். நைட் ஷிப்ட் முடித்து வெறுங்கையோடு வரும் தொழிலாளர்கள் என்றே அவர்களைச் சொல்லலாம். மரணத்தை வென்றவர் அவர்களுக்காகக் கரிநெருப்பு மூட்டி, அதன்மேல் மீனை வைத்து, அப்பத்தோடு காத்திருக்கிறார். அவருடைய கைகளில் ஆணித் தழும்பு இருக்கிறது. அந்தக் கைகளால்தான் பரிமாறுகிறார். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். தம்மை மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் பேச வேண்டிய கடினமான பேச்சு ஒன்று அவருக்கு இருக்கிறது; அவன் சாப்பிட்டு முடித்த பிறகே அதைத் தொடங்குகிறார். உங்கள் யூனிட்டில் இரவு வேலை வைக்கும் நாட்களில் காலையில் ஆட்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதை நினைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டி இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் இடமில்லாததால் மின்மயானத்தில் தகனம் செய்தோம். "எரித்துவிட்டால் உயிர்த்தெழ முடியாது" என்று உறவினர் சிலர் இன்றும் குத்திக் காட்டுகிறார்கள். இது உண்மையா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்மை அல்ல. கி.பி. 177-இல் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், அவர்கள் மீண்டும் எழும்பக்கூடாது என்பதற்காகவே உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் நதியில் கரைத்தார்கள் என்று சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பதிவு செய்திருக்கிறார். அப்படிச் சாம்பலாய்ப் போனவர்களைத்தான் திருச்சபை இரத்தசாட்சிகள் என்று இன்றுவரை நம்பிக்கையோடு நினைவுகூருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் 1963 முதல் தகனத்தை அனுமதிக்கிறது. அடக்கம் செய்வது அருமையான வழக்கம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தேவனுடைய வல்லமை ஆறடி மண்ணை நம்பி இருக்கவில்லை. பாட்டியை உயிரோடிருந்தபோது எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்பதைத்தான் உறவினர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இடமில்லை என்ற உங்கள் சொல்லை ஒட்டி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்த்து வரிசை பிரிக்கிற சபைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. "கனவீனமுள்ளதாய் விதைக்கப்படும், மகிமையுள்ளதாய் எழுந்திருக்கும்" என்ற வசனத்தை அந்த வரிசைகளின் நடுவே நின்று வாசிக்கிற ஆயருக்கு நாக்கு எழும்பக்கூடாது. இடம் இருந்தும் யாருக்காவது இடம் மறுக்கப்படுமானால், அங்கே உயிர்த்தெழுதல் மறுதலிக்கப்படுகிறது.

கேள்வி: உயிர்த்தெழுதல் மனிதருக்கு மட்டும்தானுங்களா? மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஒன்றும் இல்லையா?
– ஒரு விவசாயி, காங்கேயம்

பதில்: உண்டு. சிருஷ்டியும் அழிவுக்குரிய அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகும் என்ற நம்பிக்கையைப் பவுல் ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் சொல்லுகிறார்.

என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கொடுமுடிப் பக்கம் மஞ்சள் போட்டவர். ஆனி, ஆடியில் ஊன்றிய விதைக்கிழங்கை மாசியில் குத்துக் குத்தாக வெட்டி எடுக்கும்போது, சுற்றிலும் புதிய விரலிகள் மண்ணோடு பளபளக்க, நடுவில் பழைய கிழங்கு சுருங்கிக் கறுத்துக் கிடக்கும். அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இதுதான்டா நாம ஊனினது" என்பார். விதை செத்தாலொழிய உயிர்க்காது என்ற பவுலின் வாக்கை நான் விளங்கிக்கொண்டது அந்த வயலில்தான். அந்த உவமை பொருந்த வேண்டுமானால் ஊன்றும் மண் உயிரோடிருக்க வேண்டும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த கிணறுகளும் தோட்டங்களும் உப்பேறிப் போனதை நீங்கள் என்னைவிட அருகிலிருந்து கண்டிருப்பீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் பலர் விழித்தார்கள். அந்தத் தொழிலில் நம் சபையாரும் இருந்தார்கள், இருக்கிறார்கள். கழிவைச் சுத்திகரிக்காமல் இரவோடு இரவாகத் திறந்துவிடுகிற ஒருவர் ஈஸ்டர் காலையில் புதிய வானம் புதிய பூமியைப் பற்றிப் பாடுவாரானால், அவர் எந்தப் பூமியைப் பற்றிப் பாடுகிறார் என்று அவரிடம் அன்போடு கேட்கத்தான் வேண்டும்.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் காலமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அழுதால், "உயிர்த்தெழுதலை நம்புகிறவள் இப்படி அழலாமா?" என்கிறார்கள். வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். தாலித் தட்டைத் தொட்டு ஆசீர்வதிக்கும்போதும், பொண்ணை ஆலயத்துக்குள் அழைத்து வரும்போதும் நான் பின்னால் இருந்துகொள்வதுதான் நல்லது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லுகிறார்கள். அவர்களும் சபையார்தான். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மா, அழுங்கள். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்பதுதான். துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. ஒன்றரை வருடம் நீண்ட காலமும் அல்ல. உங்கள் கண்ணீரை விசுவாசக் குறைவு என்று சொன்னவர்கள், துக்கப்படுகிறவரோடு எப்படி உட்கார்ந்திருப்பது என்று தெரியாமல் அப்படிச் சொல்லியிருக்கலாம். நம் ஊர்களில் இழவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்க விடாமல் அக்கம்பக்கத்தார் சோறு ஆக்கிக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். உங்களைத் தேற்ற வந்தவர்கள் அதையாவது செய்திருக்கலாம்.

கல்யாணக் காரியத்தில் நான் வளைத்துப் பேசப் போவதில்லை. கணவனை இழந்த பெண் நல்ல காரியங்களில் முன்னால் நிற்கக்கூடாது என்ற எண்ணத்துக்குக் கிறிஸ்தவ விசுவாசத்தில் இடமே இல்லை. மரணம் தொட்டவரிடம் தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் அதன் அடியில் இருக்கிறது. நாமோ மரணம் தோற்றுவிட்டது என்று அறிக்கையிடுகிறவர்கள். முதல் ஈஸ்டர் காலையில் நடந்ததைப் பாருங்கள். துக்கத்தோடு, சுகந்தவர்க்கங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, பிணத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யப் புறப்பட்ட பெண்களிடம்தான் அந்தச் செய்தி முதலில் சொல்லப்பட்டது. அவர்கள் வந்து சொன்னபோது அப்போஸ்தலருக்கு அது வீண்பேச்சாகத் தோன்றியது என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். மகதலேனா மரியாள் அழுதுகொண்டு நின்ற இடத்திலேயே ஆண்டவர் அவளைப் பேர் சொல்லி அழைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போய் நில் என்று சொல்லவில்லை, போய் என் சகோதரருக்குச் சொல் என்று அனுப்பினார். அவரே முன்னால் அனுப்பின இடத்தில் சபையார் ஒருவரைப் பின்னால் தள்ளுவதை என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்றும் சொல்லுகிறேன். 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரையுள்ள நாட்களிலும் விசுவாசிகள் முழங்காற்படியிடாமல் நின்றுகொண்டே ஜெபிக்க வேண்டும் என்று விதித்தது. கிறிஸ்து எழுந்ததால் அவருடையவர்களும் எழுந்து நிற்கிறார்கள் என்பது அந்நாளைய சபையாரின் எண்ணம்.

உங்கள் மகளின் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் அழைத்து வர வேண்டியவர் நீங்களே. தாய்மாமன் மறுபக்கம் வரட்டும், அது நம் முறைக்கும் பொருந்தும். பெரியவர்களோடு சண்டை வேண்டாம். அவர்களும் உங்கள் மகளுக்கு நன்மையை நினைத்தே சொல்லுகிறார்கள், பிழையான பயத்தோடு சொல்லுகிறார்கள். மகளையும் மருமகனாக வரப்போகிற பிள்ளையையும் உட்கார வைத்து உங்கள் மனதைச் சொல்லுங்கள். அவர்கள் வாயால் பெரியவர்களிடம் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். மீதியை ஆயர் செய்ய வேண்டும். உங்கள் சபை ஆயரின் முகவரியை இந்தப் பத்திரிகை வழியாக எனக்கு அனுப்பி வையுங்கள். ஆசீர்வாதத்துக்குத் தாலித் தட்டை எடுக்கும்போது முதலில் உங்கள் கையில் கொடுக்கும்படி நானே அவருக்குக் கடிதம் எழுதுகிறேன்.